கர்ப்பூரி தாக்கூர்: தருமபுரியில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

பீகாரின் முன்னாள் முதலமைச்சர் கர்ப்பூரி தாக்கூருக்குப் பாரத ரத்னா அறிவிப்பு வந்தது 2024 ஜனவரி 23, செவ்வாய்க்கிழமை. செவ்வாய் சலூன்களுக்கு லீவு, அதனால் புதன் காலை நான்கு ரோடு பக்கம் நான் வழக்கமாகப் போகும் கடையில் நல்ல கூட்டம். கடைக்கார அண்ணன் ஒருவருக்குப் பாதி ஷேவிங்கில் கத்தியை வைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஃபோனை நீட்டினார். அவர்கள் சங்க வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஒரு பெரியவர் படம். "இவரு யாருன்னு படிச்சுச் சொல்லுங்க சார்" என்றார். ஒரு கன்னத்தில் நுரையோடு நாற்காலியில் இருந்தவரும் கழுத்தைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்தக் கடையிலும், டீக்கடையிலும், சனி ஞாயிறுகளில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகளோடு நான் உட்காரும் இடத்திலும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

பீகார்ல நம்ம தொழில்காரர் ஒருத்தர் முதலமைச்சர் ஆனாராமே, நிஜமா சார்?

நிஜம்தான், அதுவும் இரண்டு தடவை. கர்ப்பூரி தாக்கூர் பிறந்தது முடிதிருத்தும் தொழில் செய்த குடும்பத்தில். அப்பா கோகுல் தாக்கூர் ஊரில் அந்தத் தொழிலைத்தான் செய்தார். ஹிந்தியில் அந்தச் சாதிக்கு 'நாயீ' என்று பெயர். தமிழ்க் காதில் வேறு மாதிரி விழும், சிரிக்காதீர்கள், நம்முடைய 'நாவிதர்' என்ற சொல்லுக்கும் அதற்கும் மூலம் ஒன்றுதான்.

2023ல் பீகார் அரசு எடுத்த சாதிக் கணக்கெடுப்புப்படி அங்கே அந்தச் சமூகம் நூறில் இரண்டு பேர்கூட இல்லை. பெரிய சாதிகளின் தலைகளை எண்ணி முதலமைச்சர் யார் என்று முடிவு செய்யும் மாநிலத்தில் இவ்வளவு சின்ன சாதியிலிருந்து ஒருவர் மேலே வந்தார். அவர் செய்த காரியங்கள் இருக்கட்டும், வந்து சேர்ந்ததே பெரிய விஷயம் என்பேன்.

தாக்கூர்னா ராஜபுத்திரர் ஆச்சே, மேல்சாதி இல்லையா?

இது படிக்கிற பிள்ளைகள் கேட்பது, நியாயமான குழப்பம். உத்தரப் பிரதேசத்தில் தாக்கூர் என்றால் பெரும்பாலும் ராஜபுத்திரர். வங்காளத்தில் ரவீந்திரநாத் தாகூரும் 'தாக்கூர்'தான், அவர் பிராமணக் குடும்பம். பீகாரில் முடிதிருத்துவோர் சமூகமும் அதே பட்டத்தைப் போட்டுக்கொள்கிறது. போஜ்புரி நாடகக்காரர் பிகாரி தாக்கூரும் இதே சமூகம்தான். பேரின் வாலைப் பார்த்துச் சாதியைச் சொல்லும் பழக்கம் நம் ஊர் எல்லையைத் தாண்டினால் செல்லாது.

பரீட்சைக்கு வேணும்கிற அளவுக்கு வாழ்க்கைக் குறிப்பு சொல்லுங்க அண்ணா

பிறப்பு 1924 ஜனவரி 24, சமஸ்திபூர் பக்கம் பிதௌஞ்சியா கிராமம். இப்போது அந்த ஊருக்கே கர்ப்பூரி கிராமம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு இறங்கினார், 26 மாதம் சிறை. சுதந்திரத்துக்குப் பிறகு கிராமப் பள்ளியில் வாத்தியார். 1952 முதல் பொதுத்தேர்தலில் சோசலிஸ்ட் கட்சி சார்பில் தாஜ்பூர் தொகுதியில் ஜெயித்து எம்எல்ஏ ஆனார். அதற்குப் பிறகு சாகும்வரை சட்டமன்றத் தேர்தல் எதிலும் தோற்கவில்லை. 1977ல் சமஸ்திபூர் எம்பி ஆனார், 1984 லோக்சபா தேர்தலில் மட்டும், இந்திரா அனுதாப அலையில், தோற்றார்.

1967ல் மகாமாயா பிரசாத் சின்கா அமைச்சரவையில் துணை முதல்வர், கல்வித் துறையும் அவரிடம். முதலமைச்சராக முதல் தடவை 1970 டிசம்பர் முதல் 1971 ஜூன் வரை, இரண்டாம் தடவை 1977 ஜூன் முதல் 1979 ஏப்ரல் வரை. மறைவு 1988 பிப்ரவரி 17, வயது 64. பாரத ரத்னா அறிவிப்பு நூற்றாண்டுப் பிறந்த நாளுக்கு முந்தின நாள். விருதைக் குடியரசுத் தலைவரிடமிருந்து 2024 மார்ச்சில் வாங்கிக்கொண்டவர் மகன் ராம்நாத் தாக்கூர். அதே வருஷம் விருது பெற்ற மற்ற நால்வர் சரண் சிங், நரசிம்ம ராவ், எம்.எஸ். சுவாமிநாதன், அத்வானி. இந்த ஐந்து பேரையும் சேர்த்தே மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள், பொருத்துக கேள்விக்கு உதவும்.

ரெண்டு தடவையும் சேர்த்து ரெண்டரை வருஷம்கூட வரலையே, அதுக்குள்ள என்ன கிழிச்சிருப்பார்?

டீக்கடையில் ஒரு பெரியவர் இப்படித்தான் கேட்டார், அதே வார்த்தையில். கணக்கு சரிதான். முதல் ஆட்சி ஐந்து மாதம் சொச்சம், இரண்டாவது 22 மாதம். முதல் தடவை பல கட்சிக் கூட்டணி, தொட்டால் கவிழும் வண்டி. 1967 முதல் 1971 வரை பீகாரில் முதலமைச்சர் நாற்காலி பஸ் சீட் மாதிரி, ஒருவர் எழுந்திருப்பதற்குள் இன்னொருவர் துண்டு போட்டிருப்பார். அதில் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது.

இரண்டாவது ஆட்சிதான் விஷயம். நெருக்கடி நிலைக் காலத்தில் தலைமறைவாக இருந்து, அது முடிந்து ஜனதா அலையில் வந்து உட்கார்ந்தவர். கட்சிக்குள் அவரைப் பிடிக்காதவர்கள் முதல் நாளிலிருந்தே இருந்தார்கள், தலைவர் தேர்தலிலேயே சத்யேந்திர நாராயண் சின்காவைத் தோற்கடித்துத்தான் முதல்வர் ஆனார். அந்த 22 மாதத்தில் செய்த ஒரு காரியத்தால் பதவியும் போனது, பேரும் நின்றது. அது அடுத்த கேள்வி.

கர்ப்பூரி ஃபார்முலாங்கிறாங்களே, அந்த 26 சதவீதம் எப்படிப் பிரிச்சாங்க?

1978 நவம்பரில் பீகார் அரசு வேலைகளில் கொண்டுவந்தது. 12 + 8 + 3 + 3. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 12, பிற்படுத்தப்பட்டோருக்கு 8, பெண்களுக்கு 3, மேல்சாதியில் உள்ள ஏழைகளுக்கு 3. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு ஏற்கனவே இருந்தது தனி, அதில் கை வைக்கவில்லை.

இதற்கு அடிப்படை முங்கேரி லால் ஆணையம். 1971ல் போட்டது, அறிக்கை வந்து சும்மா கிடந்தது, இவர் எடுத்துச் செயல்படுத்தினார். 26 என்ற கூட்டுத்தொகையை விட 12க்கும் 8க்கும் நடுவே போட்ட கோடுதான் முக்கியம். யாதவர், குர்மி, கோயிரி போன்ற நிலம் வைத்திருக்கும், ஆள்பலம் உள்ள சாதிகளை ஒரு பட்டியலிலும், நாவிதர், மீன்பிடிப்போர், எண்ணெய் ஆட்டுவோர் மாதிரி சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னச் சாதிகளை இன்னொரு பட்டியலிலும் வைத்தார். ஒரே வரிசையில் நிற்கவிட்டால் பலமுள்ளவன் முன்னால் போய்விடுவான், ரேஷன் கடை வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெண்களுக்கான 3 சதவீதத்தை யாரும் பேசுவதே இல்லை. தமிழ்நாட்டில் அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம் வந்தது 1989ல். 1978ல், அதுவும் பீகாரில், தனியாக ஒரு பங்கு என்று எழுதியதே பெரிய சங்கதி.

அதுக்கு ஏன் அப்படி எதிர்ப்பு? 26 தானே, நம்மகிட்ட 69 இருக்கே

நம்ம ஊர்க் கண்ணால் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இங்கே நீதிக்கட்சி காலத்திலிருந்து பழகிய விஷயம். அங்கே பிற்படுத்தப்பட்டோர் என்ற பேரில் அரசு வேலையில் பங்கு போடுவது அப்போதுதான் முதல் தடவை. மேல்சாதி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், பஸ் எரிந்தது, ரயில் நின்றது. சட்டத்தை விட்டுவிட்டு ஆளைத் திட்டினார்கள். நாற்காலியை விட்டுவிட்டுச் சவரக்கத்தியைப் பிடி என்ற பொருளில் எதுகையோடு ஒரு கோஷம் அப்போது பீகார் முழுக்க ஓடியது. தாயை இழுத்தும் கோஷம் இருந்தது, அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

இதை சலூனில் சொன்னபோது கடைக்கார அண்ணன் எதுவும் பேசவில்லை. கத்தியில் பிளேடை மாற்றிக்கொண்டே, "முதலமைச்சரா இருந்தாலும் அதானா?" என்று மட்டும் கேட்டார்.

ஜனதா கட்சிக்குள்ளேயே, குறிப்பாக ஜனசங்கத்திலிருந்து வந்த பிரிவு (பின்னால் பாஜக ஆனவர்கள்), எதிராகத் திரும்பியது. 1979 ஏப்ரலில் ஆட்சி போனது. பதிலுக்கு முதல்வராகக் கொண்டுவந்தது ராம் சுந்தர் தாஸை, அவர் பட்டியலினத் தலைவர். பிற்படுத்தப்பட்டவரை இறக்கிவிட்டுப் பட்டியலினத்தவரை ஏற்றினால் யாரும் குற்றம் சொல்ல முடியாதே. அரசியல் தெரிந்தவர்கள் செய்த வேலை.

அப்ப நம்ம எம்பிசி 20 சதவீதம் பீகாரைப் பார்த்துக் காப்பி அடிச்சதா?

இல்லை. இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் தப்பான பதில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இங்கே சட்டநாதன் ஆணையம் 1970லேயே பிற்படுத்தப்பட்டோரை இரண்டாகப் பிரிக்கச் சொல்லிவிட்டது, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 16, மற்றவர்களுக்கு 17 என்று. முங்கேரி லால் அறிக்கைக்கு முந்தியது அது. ஆனால் அப்போதைய அரசு பிரிக்காமல் மொத்தத்தை 25லிருந்து 31 ஆக்கியது, 1980ல் எம்ஜிஆர் 50 ஆக்கினார், கோடு மட்டும் போடவில்லை.

கோடு விழ 1987 செப்டம்பர் வேண்டியிருந்தது. வன்னியர் சங்கத்தின் ஒரு வார சாலை மறியல், துப்பாக்கிச் சூடு, 21 பேர் சாவு. அப்போது நம் வட மாவட்டங்களில் இருந்தவர்களுக்கு மரம் சாய்ந்து கிடந்த ரோடு இன்னும் கண்ணில் நிற்கும். 1989ல் கலைஞர் ஆட்சியில் 50ஐ 30, 20 என்று பிரித்து எம்பிசி பட்டியல் வந்தது, சீர்மரபினரையும் சேர்த்து. ஆக யோசனையில் நாம் முந்தி, செயலில் பீகார் பதினொரு வருஷம் முந்தி.

'இந்தியாவிலேயே முதன்முதலில் பிரித்தவர் கர்ப்பூரி' என்றும் ஃபார்வர்டு மெசேஜ் வருகிறது. அதுவும் தப்பு. ஆந்திராவில் 1970லேயே ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரித்துவிட்டார்கள். வட இந்தியாவில் முதல் என்று சொன்னால் சண்டை போட மாட்டேன்.

ஸ்கூல்ல இங்கிலீஷை எடுத்தவர் இவர்தானே? ஹிந்தி வெறியர்தானே அப்ப?

1967ல் கல்வி அமைச்சராக இருந்தபோது மெட்ரிக் தேர்வில் ஆங்கிலத்தில் பாஸாக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்தார். அப்படி ஆங்கிலம் இல்லாமல் தேறியவர்களை 'கர்ப்பூரி டிவிஷன்' என்று கேலி செய்தார்கள், ஃபர்ஸ்ட் டிவிஷன், செகண்ட் டிவிஷன் மாதிரி. அவர் சோசலிஸ்ட் தலைவர் லோகியாவின் சீடர், ஆங்கிலத்தை ஆட்சியிலிருந்து விரட்ட வேண்டும் என்பது லோகியாவின் இயக்கம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கை வைத்தது தன் மாநிலப் பிள்ளைகளின் பரீட்சையில், நம் தலையில் ஹிந்தியைக் கட்டுவதில் இல்லை. சமஸ்திபூர் பக்கம் வீட்டில் பேசுவதும் மைதிலி வகைப் பேச்சு, ஹிந்தி அவர்களுக்கும் பள்ளிக்கூட மொழி மாதிரிதான்.

எனக்கு இதில் இரண்டு மனம். நான் பத்தாவதில் ஆங்கிலத்தில் எடுத்தது 37. இன்னும் மூன்று மார்க் குறைந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், எங்கேயாவது மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டிருப்பேன். ஒரு பாடத்துக்காகப் பையன் படிப்பே நின்றுபோவது என்னவென்று எனக்குத் தெரியும், அதனால் அவர் செய்ததில் இருக்கும் நியாயம் புரிகிறது. இன்னொரு பக்கம், அப்படித் தேறியவன் மாநிலத்தை விட்டு வெளியே வந்தால் ஆங்கிலம் இல்லாமல் எங்கே போய் நிற்பான்? அதே சமயத்தில் அண்ணா இங்கே இருமொழி என்றார், ஆங்கிலம் உள்ளேயே இருந்தது. ஐம்பது வருஷம் கழித்து யார் யாருடைய ஊருக்கு வேலை தேடி வருகிறார்கள் என்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் தெரியும். காரணம் அது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன், நிலம், தொழிற்சாலை, மத்திய அரசுக் கொள்கை என்று ஆயிரம் இருக்கிறது.

மதுவிலக்கும் கொண்டுவந்தாராமே?

ஆமாம், 1977 ஆட்சியில். நீடிக்கவில்லை. பீகாரில் இப்போது இருப்பது நிதிஷ் குமார் 2016ல் கொண்டுவந்தது. மதுவிலக்கு விஷயத்தில் நாம்தான் மூத்தவர்கள். 1937 அக்டோபரில் ராஜாஜி மாகாணத்திலேயே முதலில் அமல்படுத்தியது சேலம் மாவட்டத்தில், அப்போது தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டம்தான். அந்தக் கதை இப்போது எங்கே வந்து நிற்கிறது என்று நான் சொல்ல வேண்டாம், சாயந்திரம் கடை வாசலைப் பாருங்கள்.

மச்சானுக்கு வேலை கேட்டு வந்தவரை சவரக்கத்தி வாங்கிக்கச் சொல்லி 50 ரூபாய் குடுத்தாராம், இது நல்ல கதையா கெட்ட கதையா?

கதை பீகாரில் பரவலாகச் சொல்வது. முதல்வராக இருந்தபோது மைத்துனர் வேலை கேட்டு வந்தார், இவர் 50 ரூபாயை எடுத்துக் கொடுத்து, கத்தி வாங்கிப் பரம்பரைத் தொழிலைப் பார் என்றார் என்று. இதே மாதிரி நிறைய உண்டு. 1952ல் வெளிநாட்டுக் குழுவில் போனபோது கிழிந்த இரவல் கோட்டைப் பார்த்து யூகோஸ்லாவியாவின் டிட்டோ வேறு கோட்டு கொடுத்தார் என்பார்கள். ஊரில் நோயாகப் படுத்திருந்த அப்பா சவரம் செய்ய வரவில்லை என்று மிராசு வீட்டு ஆட்கள் மிரட்டினார்கள், கலெக்டர் நடவடிக்கைக்குக் கிளம்ப, இவர் தடுத்து, இது எல்லா ஊரிலும் நடக்கிறது, என் அப்பாவுக்கு மட்டும் போலீஸ் எதற்கு என்று கேட்டார் என்பார்கள். இப்படிப்பட்ட கதைகள் வாய்க்கு வாய் மெருகேறும், ஒவ்வொன்றும் அப்படியே நடந்தது என்று கையெழுத்துப் போட என்னால் முடியாது. கடைசி வரை சொத்து சேர்க்கவில்லை, உயிரோடு இருந்தவரை மகனை அரசியலுக்குள் கொண்டுவரவில்லை என்பதில் எதிராளிகளும் மறுப்புச் சொல்வதில்லை.

50 ரூபாய் கதையை எல்லோரும் நேர்மைக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். கடையில் சொன்னபோது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "கவர்மெண்ட் வேலை குடுக்க வேணாம், சரி. அதுக்கு ஏன் கத்தியைப் பிடிக்கச் சொல்லணும்? என் பையனை நான் இந்த நாற்காலி பக்கமே விடலையே" என்றார். நான் வீட்டுக்கு வந்தும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்வதில் எடை இருக்கிறது. கர்ப்பூரி முதன்முதல் எம்எல்ஏ ஆகிச் சட்டசபையில் உட்கார்ந்திருந்த காலத்தில்தான், 1953ல், இங்கே ராஜாஜி பள்ளி நேரத்தைப் பாதியாக்கி மீதி நேரம் அப்பன் தொழிலைப் பிள்ளை கற்கட்டும் என்று ஒரு திட்டம் போட்டார். குலக்கல்வி என்று எதிர்த்து ஊரே கொதித்தது, அடுத்த வருஷம் காமராஜர் வந்து தூக்கி எறிந்தார். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி நம் கிருஷ்ணகிரி மாவட்டம், 1954ல் பாரத ரத்னா வாங்கிய முதல் மூவரில் ஒருவர். ஒரே விருது, ஒருவர் நாவிதர் மகன் கத்தியையும் கற்கட்டும் என்றவர், இன்னொருவர் அந்த நாவிதர் மகன். அப்புறம் அந்த மகனைப் பற்றி ஊர் பெருமையாகச் சொல்லும் கதையிலும் ஒரு கத்தி வந்துவிடுகிறது பாருங்கள்.

லாலு, நிதிஷ் எல்லாம் இவர் வளர்த்த ஆளுங்களா?

ஜெயபிரகாஷ் நாராயண் இயக்கத்தில் வந்த பிள்ளைகள் அவர்கள், பீகாருக்குள் அவர்களுக்குப் பெரியவராக இருந்தது கர்ப்பூரி. லாலு பிரசாத், நிதிஷ் குமார், ராம் விலாஸ் பாஸ்வான் மூவருமே அவரைக் குரு என்று சொல்லிக்கொண்டார்கள். லாலு கைக்கு யாதவர், முஸ்லிம் ஓட்டு போனது. நிதிஷ் பிடித்தது கர்ப்பூரியின் பழைய பட்டியலை, அந்த 12 சதவீதக்காரர்களை. 2006ல் பஞ்சாயத்துத் தேர்தலில் அவர்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கினார். இவ்வளவு காலம் அவர் நாற்காலியில் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மண்டல் கமிஷன் போட்டது இவரா?

இல்லை, ஆனால் நூல் தொடுகிறது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கான மண்டல் ஆணையத்தை அமைத்தது மத்தியில் மொரார்ஜி தேசாய் அரசு, 1979 ஜனவரியில், பீகாரில் கலவரம் ஓய்வதற்குள். தலைவர் பி.பி. மண்டலும் பீகார்க்காரர், 1968ல் ஒன்றரை மாதம் முதலமைச்சராக இருந்தவர், கர்ப்பூரி துணை முதல்வராக இருந்த அரசு கவிழக் காரணமானவர்களில் ஒருவர். மண்டல் அறிக்கை பிற்படுத்தப்பட்டோர் எல்லோரையும் ஒரே பட்டியலில் போட்டு 27 சதவீதம் என்றது. பிரிக்க வேண்டும் என்று உறுப்பினர் எல்.ஆர். நாயக் தனியாக எழுதிய கருத்தைக் கேட்கவில்லை. மத்திய அரசில் இன்றுவரை ஓபிசி பிரியவில்லை. அதைப் பிரிப்பதற்காக 2017ல் போட்ட ரோகிணி ஆணையம் 2023ல் அறிக்கை கொடுத்துவிட்டது, அறிக்கை அலமாரியில்.

மேல்சாதி ஏழைக்கு 3 சதவீதம்னா, இப்ப இருக்கிற ஈ.டபிள்யூ.எஸ்க்கு இவர்தான் தாத்தாவா?

பாஜக மேடையிலும் இப்படிச் சொல்கிறார்கள், அதனால் பரீட்சைப் பிள்ளைகளுக்கு இது ஒரு பொறி. வடிவம் ஒத்துப்போகிறது. அளவைப் பாருங்கள். அவர் கொடுத்தது 26ல் 3, பெண்களுக்குக் கொடுத்த அதே அளவு. 2019ல் வந்தது 10, அதுவும் தனியாக. எதிர்ப்பைத் தணிக்கக் கொடுத்ததா, வறுமையும் ஒரு பின்தங்கல்தான் என்று நம்பிக் கொடுத்ததா என்றால் இரண்டும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் மனசுக்குள் நாம் போய்ப் பார்க்க முடியாது. கொடுத்தும் பஸ் எரியத்தான் செய்தது.

பாரத ரத்னா ஓட்டுக்காகத்தானே சார்?

தேதிகளை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன். 2023 அக்டோபர் 2, பீகார் சாதிக் கணக்கெடுப்பு வெளியீடு, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மட்டும் 36 சதவீதம் என்று தெரிந்தது. 2024 ஜனவரி 23, விருது அறிவிப்பு. ஜனவரி 28, நிதிஷ் லாலு கட்சிக் கூட்டணியிலிருந்து பாஜக கூட்டணிக்கு வந்து பதவியேற்றார். ஏப்ரலில் லோக்சபா தேர்தல். எந்தக் கட்சியின் முன்னோர்கள் 1979ல் அவரை இறக்கினார்களோ, அவர்கள் வாரிசுகளின் ஆட்சியில்தான் விருது.

ஓட்டுக்காகக் கொடுத்தார்கள் என்பதால் வாங்கியவர் தகுதி குறைந்துவிடாது. 36 சதவீதம் பேரை எண்ணிப் பார்த்துப் பயப்படும் நிலைக்கு எல்லாக் கட்சியையும் கொண்டுவந்த வேலையை ஆரம்பித்தவரே அவர்தான்.

எம்பிசிக்குள்ள எங்களை மாதிரி சின்ன சாதிக்கு என்ன கிடைச்சுது? அவர் கணக்குப்படி எங்களுக்கும் ஒரு கோடு போடணும்ல?

இது சலூன் அண்ணன் கேட்டது. நாள் தள்ளித் தள்ளி, கடையில் வேறு யாரும் இல்லாதபோது கேட்டார். தருமபுரியில் இதை எழுதினால் யாராவது கோபப்படுவார்கள், பரவாயில்லை. நம் எம்பிசி பட்டியலில் வன்னியர் மாதிரி பெரிய சமூகமும் இருக்கிறது, மருத்துவர், நாவிதர், வண்ணார் மாதிரி ஊருக்கு நாலு வீடு இருக்கும் சமூகங்களும் இருக்கின்றன. வன்னியர் போராடி, உயிரைக் கொடுத்து வாங்கிய பட்டியல் அது, அதை யாரும் மறுக்க முடியாது. பெரிய சாதிக்குத் தன் பங்கு போதவில்லை என்று குறை, சின்ன சாதிக்குத் தன் பங்கு எங்கே என்றே தெரியவில்லை. பீகாரில் 12க்கும் 8க்கும் நடுவே கோடு போட்டதற்கு என்ன காரணம் சொன்னோமோ, ரேஷன் வரிசை, அதே காரணம் இந்த 20க்குள்ளும் பொருந்தும்.

2021 பிப்ரவரியில் கோடு போட்டார்கள், வன்னியருக்கு 10.5, மீதி 115 சமூகங்களுக்கு 9.5. அந்த 9.5ஐயும் 7, 2.5 என்று பிரித்தார்கள். உயர்நீதிமன்றம் அதே வருஷம் நவம்பரில் ரத்து செய்தது, 2022 மார்ச் 31ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. உள்ஒதுக்கீடே கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை, அதற்கான புதிய புள்ளிவிவரம் எங்கே என்று கேட்டது. யார் எத்தனை பேர், யாருக்கு எத்தனை வேலை போனது என்ற கணக்கு இல்லாமல் கோடு எங்கே போடுவது? பீகார் எண்ணிப் பார்த்துவிட்டது. 2023 நவம்பரில் இடஒதுக்கீட்டை 65 ஆக ஏற்றியதைப் பாட்னா உயர்நீதிமன்றம் 2024 ஜூனில் ரத்து செய்தது, ஆனாலும் எண்ணிய எண்ணிக்கை கையில் இருக்கிறது. எண்ணினால் வன்னியருக்கும் நல்லது, நாவிதருக்கும் நல்லது என்பது என் வாதம். யாருக்கு ஆகாதோ அவர்கள்தான் வேண்டாம் என்பார்கள்.

ஜன நாயக்னா என்ன? கடைக்கு வந்த ஹிந்திப் பையன் போட்டோவைப் பாத்து அதைத்தான் சொன்னான்

மக்கள் தலைவர் என்று அர்த்தம். பீகாரில் கர்ப்பூரி பேருக்கு முன்னால் எப்போதும் அதைச் சேர்த்துத்தான் சொல்வார்கள், நாம் பெருந்தலைவர் என்றால் காமராஜர் என்று புரிந்துகொள்வது மாதிரி. அந்தப் பட்டத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் ரயில்கூட ஓடுகிறது.

போட்டோ, நான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தது. 1991ல் அவருக்குத் தபால்தலை வந்திருக்கிறது என்று சொன்னதும் அண்ணனுக்கு ஒரு படம் வேண்டும் என்று ஆசை. லேமினேட் பண்ணிக் கண்ணாடிக்கு மேலே, முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு வந்திருக்கும் அந்தப் பையன் சமஸ்திபூருக்குப் பக்கத்து ஊராம். படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்று, "ஜன நாயக்" என்று கையைக் காட்டி ஏதோ சொன்னானாம், அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை, தலையை ஆட்டியிருக்கிறார். அப்புறம் முடி வெட்டி முடித்ததும் நம்ம தலைவர் படம் இருக்கிற கடை என்று சைகையிலேயே பேசி இருபது ரூபாய் குறைத்துவிட்டுப் போயிருக்கிறான். "அடுத்த தடவை படத்தைக் கழட்டி வச்சிட்டுத்தான் வெட்டுவேன்" என்கிறார் அண்ணன். இன்னும் கழட்டவில்லை.